மாடி ஏறும் மின்சாரம்



பழைய மாடிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்வியுற்றுப் பார்க்கச் செல்பவர் எதனைப் பார்ப்பார்? புதிதாக மை பூசிய சுவரைப் பார்ப்பார்; பளிங்குத் தரையைப் பார்ப்பார்; மின்னுயர்த்தியின் கதவு ஓசையின்றித் திறப்பதைக் கண்டு வியப்பார். சுவருக்குள் ஓடும் செப்புக் கம்பியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. அது தன் இருப்பை உலகுக்கு அறிவிப்பது இரண்டு வேளைகளில்தான்: விளக்கு அணையும் வேளை ஒன்று, புகை எழும் வேளை மற்றொன்று. அவ்விரண்டு வேளைகளும் வாராதிருக்க, சுவரை உடைப்பதற்கு முன்னரே மின்சாரப் பங்கீட்டை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை ஆராய்வதற்கு அமெரிக்காவின் நியூயோர்க் நகரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தோமஸ் அல்வா எடிசன் 1882ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் நாள் பேர்ள் வீதி மின்னிலையத்தைத் தொடக்கி, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்சாரம் விற்கத் தொடங்கியது அந்நகரிலேயே. அன்று அவர் வழங்கியது நேரோட்ட மின்சாரம். ஒரே திசையிற் செல்லும் அம்மின்சாரத்தின் அழுத்தத்தை எளிதிற் கூட்டவோ குறைக்கவோ அக்காலத்தில் வழி இருக்கவில்லை. திசை மாறி மாறிச் செல்லும் ஆடலோட்டமோ நிலைமாற்றி என்னும் கருவிக்குக் கட்டுப்பட்டு, வேண்டியவாறு அழுத்தம் உயர்ந்தும் தாழ்ந்தும் கொடுக்கும். ஆதலின் உலகம் ஆடலோட்டத்தின் பக்கம் சென்றது. ஆயினும், நியூயோர்க்கின் பழைய கட்டடங்களில் நேரோட்ட மோட்டர்களால் இயங்கிய மின்னுயர்த்திகள் பல இருந்தன. அவற்றிற்காக அந்நகரின் மின்சாரக் கம்பெனி எடிசன் காலத்து முறையைத் தொடர்ந்து பேணி வந்து, 2007ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாளன்றுதான் கடைசி இணைப்பைத் துண்டித்தது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள்! மோட்டரை மாற்ற விரும்பாத உரிமையாளர்கள், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் கருவியொன்றைத் தம் கட்டடத்துள்ளேயே நிறுவிக்கொண்டனர். பழைய கட்டடத்தின் மின்சாரத்திற் கை வைக்கப் போகிறவர், சுவருக்குப் பின்னால் எத்தனை தலைமுறை உறங்குகிறது என்பதை அறிந்தே கை வைக்க வேண்டும்.

அறிவதென்பது படம் பார்ப்பதன்று. முதன்முதற் கட்டிய காலத்து வரைபடம் அலுமாரியில் இருக்கும். அதன் பின்னர் வந்த குடியிருப்பாளர் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கு ஒரு கம்பியை இழுத்திருப்பர். போனவர் கம்பியைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. எனவே படத்தில் உள்ளது சுவரில் இராது; சுவரில் உள்ளது படத்தில் இராது. முற்காலத்துக் கம்பிகளுக்கு இறப்பரும் நூற்றுணியும் உறையாக இருந்தன. ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்ட இறப்பர் இறுகி வெடித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அசையாமற் கிடக்கும்வரை அது கிடக்கும். புதுப்பிப்பவன் இழுத்து வளைத்த அன்று செப்பு வெளியே தெரியும். தளந்தோறும் நடந்து, பலகை பலகையாகத் திறந்து, எந்த உருகி எந்த அறைக்கு உரியது என்று எழுதி வைப்பது சலிப்பான வேலைதான். ஆயினும் அதைச் செய்யாமல் வரைந்த திட்டம் கற்பனையே.

அடுத்து எழும் கேள்வி, கட்டடத்திற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது. இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர். புதிய கருவிகள் வருகின்றன, ஆகவே வடம் தடிப்பாக வேண்டும், நிலைமாற்றி பெரிதாக வேண்டும் என்று நேரே கடைக்குப் போய்விடுகின்றனர். ஒரு கலியாண வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஐந்நூறு பேருக்கு அழைப்பு அனுப்பியவர் ஐந்நூறு இலைகளை ஒரே பந்தியிற் போடுவதில்லை. முதற் பந்திக்கு எத்தனை பேர் அமர்வர், மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவர் என்று கணக்கிட்டே பாய் விரிக்கிறார். மின்சாரமும் அவ்வாறே. கட்டடத்தில் உள்ள விளக்கு, விசிறி, குளிரூட்டி, மோட்டர் ஆகிய அனைத்தின் அளவையும் கூட்டினால் ஒரு பெருந்தொகை வரும். அவை அனைத்தும் ஒரே நொடியில் இயங்கும் வேளையோ வருவதேயில்லை. உண்மையில் ஒரே வேளையில் எழும் உச்சத் தேவை எவ்வளவு என்பதே பொறியியலாளர் அறிய வேண்டியது. அதற்கு அளவுகருவியைப் பெருவடத்திற் பொருத்திப் பல வாரங்கள் பதிவு செய்வர். வெக்கை மிகுந்த நாளொன்றும் அப்பதிவுக்குள் அகப்பட வேண்டும். மழை நாளில் எடுத்த கணக்கு வெயில் நாளில் உருகியை எரித்துவிடும்.

எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் கதை இதற்குச் சிறந்த சான்று. 1931ஆம் ஆண்டு மே மாதம் 1ஆம் நாள் திறக்கப்பட்டு, 102 மாடிகளும் 381 மீற்றர் உயரமும் கொண்டு, நெடுங்காலம் உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது அது. 2009ஆம் ஆண்டில் அதன் மின்சார, வெப்பச் செலவுகளைக் குறைத்துப் புதுப்பிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கட்டடத்தின் உச்ச மின்தேவை ஏறத்தாழ 9½ மெகாவாற்று. குளிரூட்டும் பொறிகள் போதாது, அவற்றைப் பெருக்க வேண்டும் என்றே முதலில் எண்ணியிருந்தனர். பொறி பெருகினால் அதற்கு மின்சாரமும், மின்சாரத்திற்கு வடமும், வடத்திற்கு வழியும் பெருக வேண்டுமல்லவா? திட்டமிட்டோர் அங்கேயே நின்று, கேள்வியைத் திருப்பிக் கேட்டனர். வெப்பம் உள்ளே வருவது எவ்வழியால்? அதைத் தடுத்தால் என்ன?

அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை ஆராய்ந்து எட்டினைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றுள் மிகவும் பேசப்பட்டது சாளரங்களின் கதை. அக்கட்டடத்தில் 6,514 சாளரங்கள் உள. அவற்றைக் கழற்றி எறிந்து புதியன வாங்கவில்லை. கட்டடத்தின் 5ஆம் தளத்திலேயே பணிமனை அமைத்து, இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்துத் துலக்கி, இடையே மெல்லிய படலம் ஒன்றை வைத்து, வெப்பத்தை எளிதிற் கடத்தாத வாயுவை நிரப்பி மீண்டும் பொருத்தினர். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு திரும்பவும் பயன்பட்டது. வெப்பமூட்டும் கதிர்வீசிகளின் பின்புறம் காப்புத் தகடு வைத்தனர். விளக்குகளை மாற்றினர், குளிரூட்டும் பொறிகளை அகற்றாமல் அவற்றின் உள்ளுறுப்புகளையே புதுப்பித்தனர். இவற்றால் குளிரூட்டற் சுமை மூன்றில் ஒரு பங்கு குறையும், உச்ச மின்தேவையில் 3½ மெகாவாற்று குறையும், கட்டடத்தின் மொத்தச் சத்திச் செலவு நூற்றுக்கு 38 குறையும் எனக் கணக்கிட்டனர். ஆண்டுக்கு 44 இலட்சம் டொலர் மிச்சம் என்பது மதிப்பு. கண்ணாடியைத் துடைத்தவர் மின்வடத்தை மெலிவித்தார் என்றால் கேட்போர் நகைக்கக்கூடும். ஆனால் நடந்தது அதுதான்.

இத்தகைய கணக்கைப் பெரிய கட்டடங்களுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்க வேண்டியதில்லை. நமது நாட்டு மின்முறையில், பத்து மாடி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தளத்திலும் இரட்டைக் குழாய் விளக்குகள் நூறு; விளக்கொன்று 90 வாற்று உண்ணும். தளத்திற்கு 9 கிலோவாற்று ஆயிற்று. அவ்விடத்தில் 36 வாற்று உண்ணும் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் தளத்திற்கு 5.4 கிலோவாற்றும், பத்துத் தளங்களுக்கு 54 கிலோவாற்றும் குறையும். கணக்கு இத்துடன் முடியவில்லை. விளக்கு உண்ட மின்சாரம் முழுவதும் ஈற்றில் அறைக்குள் வெப்பமாகவே மாறுகிறது. 54 கிலோவாற்று வெப்பத்தை வெளியே தள்ளக் குளிரூட்டும் பொறி ஏறத்தாழ 18 கிலோவாற்றுச் செலவிட்டிருக்கும். அதுவும் மிச்சம். இரண்டும் சேர்ந்து 72 கிலோவாற்று. 400 வோல்ற்று மும்முனை மின்சாரத்தில் இது கம்பியொன்றுக்கு நூறு அம்பியருக்குச் சற்று மேற்பட்ட ஓட்டம். அந்த நூறு அம்பியருக்கான செப்பை வாங்காமலே விடலாம். அன்றேல் பழைய வடத்தில் அவ்வளவு இடம் புதிய கணினிகளுக்குக் கிடைத்தது எனக் கொள்ளலாம். எப்படியாயினும், எதிர்காலத்திற்கென நூற்றுக்கு 20 அல்லது 25 பங்கு இடம் விட்டு வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அதைவிட மிகையாக விடுவது பணத்தைச் சுவருக்குள் புதைப்பதாகும்.

அளவு தெரிந்தபின் வழி. கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிவரை நிமிர்ந்து செல்லும் பெருவடத்தைத் தொழிலாளர் றைசர் என்பர்; ஏறுவடம் என்று சொல்லலாம். தளந்தோறும் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, அத்தளத்துப் பங்கீட்டுப் பலகைக்குச் செல்லும். துலா மிதித்துத் தோட்டத்திற்கு நீர் இறைத்தவர்க்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். கிணற்றடிப் பாத்தி நிரம்பி வழிகையில் கடைசிப் பாத்திக்கு நீர் போய்ச் சேர்வதே அரிதாகிறது. வாய்க்கால் குடித்த நீர் போக எஞ்சியதே அதற்குக் கிடைக்கும். ஏறுவடமும் அவ்வாறு சிறிது அழுத்தத்தைக் குடிக்கும். அடியில் 230 வோல்ற்று இருந்தால் உச்சி மாடியில் அதனினும் குறைவாகவே இருக்கும். நூற்றுக்கு ஐந்துக்கு மேற் குறைந்தால் விளக்கு மங்கும், மோட்டர் திணறிச் சூடேறும். இதற்குப் பரிகாரம் வடத்தைத் தடிப்பாக்குவது மட்டுமன்று. அமெரிக்காவின் உயர்ந்த கட்டடங்களில் மின்சாரத்தை 480 வோல்ற்று அழுத்தத்தில் மேலே அனுப்பி, அங்குள்ள நிலைமாற்றியினால் 208 ஆகவும் 120 ஆகவும் குறைத்துப் பங்கிடுவது வழக்கம். அதே அளவு சத்தியை 208 வோல்ற்றில் அனுப்புவதோடு ஒப்பிட்டால் ஓட்டம் பாதிக்கும் குறைவு. அதே வடத்தில் வீணாகும் வெப்பமோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். எடிசனின் நேரோட்டத்தால் செய்ய முடியாதிருந்த காரியம் இதுவே.

மும்முனை மின்சாரத்தில் மற்றோர் ஒழுங்கும் உண்டு. மூன்று கம்பிகள் சுமையைச் சமமாகத் தாங்கினால், அவற்றின் ஓட்டங்கள் ஒன்றையொன்று ஈடு செய்து, திரும்பிவரும் நொதுமற் கம்பியில் ஏறத்தாழ ஒன்றும் இராது. இதனை நம்பி, பழைய கட்டடங்கள் சிலவற்றில் நொதுமற் கம்பியை மற்றவற்றினும் மெல்லியதாகப் போட்டனர். அக்காலத்து இழை விளக்குகளுக்கு அது பொருந்திற்று. இன்றைய கணினிகளும் மின்னணுக் கருவிகளும் மின்சாரத்தைச் சீராக அருந்துவதில்லை. மிடறு மிடறாக இழுக்கின்றன. அவ்விழுப்பினால் உண்டாகும் மும்மடங்கு அதிர்வெண் ஓட்டங்கள் மூன்று கம்பிகளிலிருந்தும் வந்து நொதுமற் கம்பியில் ஒன்றையொன்று நீக்காமல் ஒன்றாய்க் கூடுகின்றன. மற்றக் கம்பிகளில் உள்ளதைவிட அதிக ஓட்டம் அதிற் செல்வதும் உண்டு. அக்கம்பிக்கு உருகி வைக்கும் வழக்கமும் இல்லை. காவலன் இல்லாத வாயிலில் கூட்டம் நெரிவது போன்றது இது. பழைய கட்டடத்தைக் கணினி அலுவலகமாக மாற்றத் திட்டமிடுவோர் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இந்தக் கம்பியையே.

உருகிகளைப் பற்றி ஒரு சொல். மேசையொன்றில் ஏற்பட்ட பிழைக்கு அம்மேசைக்குரிய உருகி மட்டும் எரிய வேண்டும். மேலுள்ள பெரிய உருகி முந்திக்கொண்டால் தளம் முழுவதும் இருளும். பெரியது பொறுத்திருக்க, சிறியது விரைந்து செயற்படும்படி தெரிந்தெடுப்பது திட்டமிடுவோன் கடமை. எரிந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் கெட்டிக்காரனுக்கு எந்தத் திட்டமும் ஈடு கொடுக்காது என்பதும் உண்மை.

இனி, ஏறுவடம் செல்லும் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியிலிருந்து முடிவரை ஒரு துவாரம் நேராகச் சென்றால் அதற்குத் தமிழிற் புகைபோக்கி என்று பெயர். 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள் இரவு, நியூயோர்க் உலக வர்த்தக நிலையத்தின் வடகோபுரத்தில் 11ஆம் தளத்தில் தீப்பற்றியது. தொலைபேசி வடங்களுக்கென ஒவ்வொரு தளத்திலும் விடப்பட்டிருந்த துவாரங்களின் வழியே அத்தீ, வடங்களின் உறையைப் பற்றிக்கொண்டு மேலும் கீழுமாக வேறு தளங்களுக்கும் பரவியது. நள்ளிரவாதலின் உயிர்ச்சேதம் நேரவில்லை. வடங்களைக் கொண்டு சென்றவர்கள் துவாரத்தை அடைக்காமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே பிழை. புதுப்பிக்கும் காலத்தில் இத்துவாரங்கள் புதிது புதிதாகத் தோன்றுகின்றன. மின்தொழிலாளி ஒன்று துளைப்பான், தொலைபேசித் தொழிலாளி ஒன்று, குளிரூட்டிக்காரர் ஒன்று. வடம் சென்றபின் தீத்தாங்கும் பொருளால் ஒவ்வொன்றையும் அடைத்து, அடைத்ததற்குச் சான்றும் எழுதி வைக்க ஓர் ஆள் பொறுப்பாக நியமிக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலையாக விட்டால் அது எவருடைய வேலையும் ஆகாது.

கட்டடத்தில் மக்கள் இருந்துகொண்டிருக்கையிலேயே இவ்வளவும் நடைபெற வேண்டியிருப்பது மற்றொரு சங்கடம். எம்பயர் ஸ்ரேற் கட்டடம் புதுப்பிக்கப்பட்ட காலத்தும் அங்கே அலுவல்கள் நடந்துகொண்டே இருந்தன. இத்தகைய நிலையில் புதிய ஏறுவடத்தைப் பழையதன் அருகே முழுமையாக ஏற்றிச் சோதித்து முடித்த பின்னரே, ஒரு விடுமுறை நாளில் ஒரு தளத்தை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவர். மறுவாரம் அடுத்த தளம். மாற்றிய தளத்துப் பலகையிற் புதிய பெயர்ச்சீட்டு ஒட்டப்படும். மாறாத தளத்தில் எச்சரிக்கைச் சீட்டு. இருவகைக் கம்பியும் ஒரே சுவரில் உயிரோடு இருக்கும் அந்தச் சில மாதங்களே தொழிலாளிக்கு மிக ஆபத்தான காலம். செத்ததென்று எண்ணித் தொட்ட கம்பி உயிரோடு இருத்தலாகாது. ஆகையால் ஆளியைத் திறந்தவன் அதைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையிலே வைத்துக்கொள்வது விதி.

எஞ்சியிருப்பது, மின்சாரம் வெளியிலிருந்து வராமற் போனால் என்செய்வது என்ற கேள்வி. தீயணைக்கும் பம்பிகளுக்கும், படிக்கட்டு விளக்குகளுக்கும், தீயணைப்போர் ஏறும் மின்னுயர்த்திக்கும் வேறு வழியில், தீயைத் தாங்கும் உறையிட்ட வடங்கள் தனியே செல்ல வேண்டும். அவற்றிற்கு மின்பிறப்பாக்கியும் வேண்டும். அதனை எங்கே வைப்பது? கனமான பொறி ஆதலின் நிலக்கீழ் அறையிலே வைப்பது நெடுங்கால வழக்கம். வாடகை கிடைக்காத இடமும் அதுவே.

2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் இரவு சாண்டி என்னும் பெரும் புயல் நியூயோர்க்கைத் தாக்கியது. கடல்நீர் நகருக்குட் புகுந்து நிலக்கீழ் அறைகளை நிரப்பிற்று. ஆற்றங்கரையோரம் இருந்த பெரிய வைத்தியசாலைகள் இரண்டு அன்று பட்ட பாட்டை உலகம் அறியும். ஒன்றில், புதிதாய்ப் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த 20 சிசுக்களைத் தாதியர் மார்போடு அணைத்து, சுவாசப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டியவாறே இருண்ட படிக்கட்டுகளால் இறங்கினர். மற்றொன்று பெல்வியூ வைத்தியசாலை. 1736ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் நிலையம். அங்கே திட்டமிட்டோர் அறிவிலிகள் அல்லர். வெள்ளம் எட்டாதவாறு மின்பிறப்பாக்கிகளை 13ஆம் மாடியில் வைத்திருந்தனர். ஆனால் தீ அபாயங் கருதி, மேல்மாடிகளில் எரிபொருளைப் பெருமளவிற் சேமித்து வைக்க நகரச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே எரிபொருள் தாங்கியும், அதனை மேலே ஏற்றும் பம்பிகளும் நிலக்கீழ் அறையில் இருந்தன.

நீர் வந்தது, பம்பிகள் மூழ்கின. மின்னுயர்த்திகள் நின்றன. மேலே பிறப்பாக்கிகள் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் எரிபொருளோ தீர்ந்துகொண்டிருந்தது. வைத்தியசாலை ஊழியரும் தேசியக் காவற்படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்றனர். எரிபொருளைக் கலங்களில் நிரப்பி, கைக்குக் கை மாற்றி, பதின்மூன்று மாடிகளும் ஏற்றினர். அவ்விளக்கொளியிலேயே வைத்தியர்கள் நோயாளரைக் காத்தனர். அடுத்த சில நாட்களில், நூற்றுக்கணக்கான நோயாளர் படிக்கட்டு வழியே சுமந்து இறக்கப்பட்டு வேறு வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர்.